சேற்றோடு ஒரு பை மட்டி

கோவளத்துக்குக் கிளம்பும்போது என் பையில் வாந்தி மாத்திரை, பேதி மாத்திரை, இரண்டு டார்ச் லைட், அவை இரண்டும் கெட்டுப்போனால் என்று ஒரு மெழுகுவத்தி, அவசரத்துக்கு யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய சீட்டு எல்லாம் இருந்தன. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோவளம் ஒன்றும் வெளிநாடு இல்லை. ஆனாலும் எனக்கு நாற்பத்து நாலு வயதாகிறது, கடலில் நான் நனைந்தது இதுவரை ஒரே தடவை, அதுவும் கணுக்கால் மட்டும்தான். அன்றைக்கும் செருப்பை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

செங்கல்பட்டில் தண்ணீர் சோதிக்கும் ஒரு லேபில் எனக்கு வேலை. சோதிப்பது நான் இல்லை. குப்பி, குழாய், தட்டு கழுவுவதுதான் என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பதினாறு வருடமாகக் கழுவுகிறேன். நான் கழுவிய குப்பியில் ஒரு புள்ளி இருந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்று தினமும் பயந்துகொண்டேதான் கழுவுகிறேன். வழக்கமாகத் தண்ணீர் எடுத்துவரப் போகும் சேகர், பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ரூபிக்கா, நாலு நாள்தான். குப்பிய எப்படிப் பிடிக்கணும்னு உங்களவிட யாருக்குத் தெரியும்?"

எனக்கு எப்படிக் கழுவுவது என்றுதான் தெரியும். அதைச் சொல்வதற்குள் மேடம் ஐஸ் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

விஷயம் இதுதான். கோவளத்துக்குப் பக்கத்தில் கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கும் கழி ஒன்று இருக்கிறது. அதன் சேற்றில் மட்டி புதைந்து கிடக்கும். இரண்டு ஓடு, நடுவில் சதை. அதைக் காலால் தடவிக் கையால் எடுத்து விற்றுத்தான் அங்கே பன்னிரண்டு பெண்கள் பிழைத்துவந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மட்டியைச் சாப்பிட்ட வெளியூர்க்காரர்கள் சிலர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். கழியில் சாக்கடை கலக்கிறது, மட்டி எடுக்கக் கூடாது என்று கரையில் போர்டு நட்டார்கள். அந்தப் போர்டை எடுக்கலாமா என்று பார்க்கத்தான் ஒரு வருடமாக மாதா மாதம் சேகர் போய்த் தண்ணீரும் மட்டியும் கொண்டுவந்தார். தண்ணீர் ஒரு மாதம் நன்றாக இருக்கும், ஒரு மாதம் இருக்காது. மட்டி மட்டும் எல்லா மாதமும் தேறியிருந்தது. மழை முடிந்த கையோடு நாலு நாள் தொடர்ந்து எடுப்பது கடைசிச் சுற்று. ஊர் அழுக்கையெல்லாம் மழை அடித்துக்கொண்டு வரும் நேரம் அது. அதிலும் தேறினால் போர்டு போய்விடும்.

தண்ணீர் மட்டும் போதாதா, மட்டி எதற்கு என்று கேட்டேன்.

"தண்ணி வரும் போகும்க்கா. மட்டி அதையே குடிச்சுக் குடிச்சு அழுக்க உள்ள சேத்து வச்சிக்கும். அது பொய் சொல்லாது," என்றார் மேடம். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும், சில்லென்று இருக்க வேண்டும், உறையக் கூடாது. இதையும் அவசரச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் அது விடியற்காலை ஐந்தரை மணிக்கு. ஊரப்பாக்கத்திலிருந்து அந்நேரத்துக்கு எந்த பஸ்ஸும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பதால், பாஷா என்ற ஆட்டோக்காரர் வீட்டு மாடியில் தங்க ஏற்பாடு. மார்கழி மாதம். கோயில் ஸ்பீக்கரில் பாட்டு, அது ஒரு மூச்சு விடும் நேரத்தில் பாங்கு, எதிர்வீட்டு வாசலில் விடிய விடிய எரிந்துகொண்டிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டார். எங்கள் தெருவில் அந்நேரம் கேட்பது ஜி.எஸ்.டி. ரோடு லாரி சத்தம்தான். பாஷாவின் மனைவி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கட்டிக்கொடுத்தார். வெறும் வயிற்றில் தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்துக்கொண்டே முழுதையும் சாப்பிட்டுவிட்டேன்.

கரையில் கன்னியம்மா காத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். நைட்டிக்கு மேலே ஆம்பளைச் சட்டை, இடுப்பில் துண்டு. போர்டு வந்த பிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறாள். கடைசிச் சுற்று என்பதால் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"நீதான் புது ஆளா? இன்னாத்துக்கு ரெண்டு டார்ச்சு? திருடன் புடிக்கவா?"

"ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா?"

"முன்னாடி வந்துகினு இருந்த தம்பி கரையிலயே குந்திகினு போன நோண்டிகினு இருக்கும். நீயாவது தண்ணில எறங்குவியா?"

"எனக்குத் தண்ணின்னா பயம்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கொக்கு பறந்துபோனது. "தண்ணி டெஸ்ட்டு பண்ண வந்துட்டு தண்ணின்னா பயமா? நல்லா தேடிப் புடிச்சு அனுப்பிச்சாங்கமே ஆளு."

இறங்க வேண்டிய அவசியம் இல்லை. நீளக் கம்பின் நுனியில் குப்பியைக் கட்டி, நீரோட்டம் வரும் திசையில் வாயைக் காட்டி, ஒரு முழம் ஆழத்தில் நிரப்ப வேண்டும். முகத்துவாரத்தில் தொடங்கிப் பாலத்தடி வரை ஐந்து இடம். குப்பி வாயில் விரல் படக் கூடாது. பட்டதோ என்று சந்தேகம் வந்து ஒரு குப்பியை மூன்று தடவை மாற்றினேன். முடிந்ததும் கன்னியம்மா தோளிலிருந்து ஒரு வலைப்பையை இறக்கினாள்.

"இந்தா மட்டி. பாலத்தடியில தண்ணிக்குள்ள கீற மேட்டுல எடுத்தது. அந்தத் தம்பிக்கும் இப்டித்தான் ரெடியா வச்சிருந்து குடுப்பேன்."

நான் கழுவிவைத்த குப்பி மாதிரி ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. ஒரு துளி சேறு இல்லை. தொழில் சுத்தமான பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். லேபில் நிரப்பச் சொல்லிக் கொடுத்திருந்த பாரத்தில், நேரம் எழுதும் கட்டத்தில், அவள் என் கையில் கொடுத்த நேரத்தை எழுதினேன்.

மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைக் காலால் தட்டினார். "மீனா? மீனுன்னா பின்னாடி போ."

"மீன் இல்லிங்க, தண்ணி."

"தண்ணிக்கு இன்னாத்துக்கு ஐஸு?"

"கெட்டுப்போயிடும்."

அவர் பஸ்ஸில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "கெட்டுப்போற தண்ணியாம்பா," என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

மாமல்லபுரத்தில் பஸ் மாற நின்றபோது, சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரர் பெட்டியைக் காட்டித் தன் கைடிடம் ஏதோ கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறாராம். மட்டி என்றேன். கைடு அவரிடம் நிறைய நேரம் பேசினார். அந்த வெள்ளைக்காரர் முகம் மலர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். "பெரிய ஓட்டலுக்குப் போவுதுன்னு சொன்னேன். சும்மா, அவருக்கு ஒரு சந்தோசம்," என்றார் கைடு. பத்து மணிக்கு முன்பே பெட்டி லேபுக்குள் போய்விட்டது. நான் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்று மூன்று பஜ்ஜி சாப்பிட்டேன். மத்தியானம் மறுபடி கோவளம்.

இரண்டாம் நாள் தண்ணீர் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளி வற்றியது. தினமும் இப்படித் தள்ளிக்கொண்டே போகுமாம். அதனால் நிதானமாகக் கரையோரம் நடந்து, கண்ணில் படுவதையெல்லாம் பாரத்தில் குறிக்க முடிந்தது. மாடு எத்தனை, வாத்து உண்டா, எங்கே குழாய் வந்து விழுகிறது என்று கட்டம் கட்டமாகக் கேள்வி. பாலத்துக்கு மேற்கே புதர் ஓரம் செப்டிக் டேங்க் லாரி ஒன்று நின்றது. பின்னால் பருத்த குழாய், மூடியில் ஈரம்.

"இங்க இன்னாங்க பண்றீங்க?" என்றேன்.

"டீ குடிக்க நிறுத்தினேன்மா."

சுற்றிலும் டீக்கடை எதுவும் இல்லை. லாரி கிளம்பிப் போனது. நான் பாரத்தில் 'லாரி 1' என்று எழுதினேன். எழுதும்போது எங்கள் வீடு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருவில் செப்டிக் டேங்க் பொங்கும். போன் பண்ணினால் லாரி வரும், உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே கொட்டுகிறீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வந்தால் போதும் என்றுதான் இருந்திருக்கிறேன்.

அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸுக்கு டயர் போனது. எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியை லேசாகத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். திறந்து பார்ப்பதாலேயே சூடு ஏறுகிறதோ என்ற பயம் வந்து, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். மலைக்கோயிலுக்கு வந்த தெலுங்குக்காரக் குடும்பம் ஒன்று பக்கத்தில் நின்றது. எனக்குத் தெலுங்கு அரைகுறையாகப் புரியும். "கழுகு இன்றைக்காவது வருமா என்று கேளுங்கள்," என்றார் அந்த அம்மா. "வருவதில்லை என்று போன தடவையே சொல்லிவிட்டார்களே," என்றார் கணவர். "போன தடவை சொன்னது போன தடவைக்கு," என்றார் அந்த அம்மா. கடைசியில் கரும்பு ஜூஸ் கடைக்காரர் ஒருவரிடம் ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி உள்ளே வைத்தேன். ஆறு மணி நேரம் முடிய ஐம்பது நிமிடம் இருக்கும்போது லேப் படியேறினேன். மேடம் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "ஓகேக்கா," என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

மூன்றாம் நாள் ஒன்றும் கெட்டது நடக்கவில்லை, அதனாலேயே எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ் நேரத்துக்கு வந்தது. அதே கண்டக்டர், "கெட்டுப்போற தண்ணி வந்துட்சிப்பா, எடம் வுடுங்க," என்று எனக்கு சீட் போட்டுக்கொடுத்தார். லேபில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கன்னியம்மா பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வூட்டுக்கு வா. ஒரு டீ குடிச்சிட்டுப் போ. தெனிக்கும் கரையிலயே பேசிகினு கீறோம்."

இரண்டு அறை வீடு. அவள் கணவர் மீன்பிடி போட்டில் கூலிக்குப் போயிருந்தார். டீ போட்டுக்கொண்டே பேசினாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேன் வருமாம், திரும்பி வரும்போது இருட்டிவிடுமாம். கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்திருந்தது. என் கையைக் காட்டினேன். அதேதான்.

"நீயும் கழுவுற, நானும் கழுவுறேன். உனக்காவது குப்பி. எனக்கு சாம்பார் அண்டா. அதுக்குள்ள நான் எறங்குனா என்னக் காணோம்னு தேடுவாங்க." டீயை ஆற்றிக் கொடுத்தாள். "போர்டு மட்டும் போவட்டும். அடுத்த நாளு அந்த வேன்காரனுக்கு டாட்டா காட்டிட்டு கழில எறங்கிடுவேன். பன்னெண்டு பேரும் சொல்லி வச்சிருக்கோம். பொங்கலுக்குள்ள ஆயிடும்ல?"

"ஆயிடும்னுதான் மேடம் சொல்றாங்க," என்றேன்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே மூலையில் ஒரு நீல பெயின்ட் பக்கெட், மேலே ஈரச் சாக்கு. சாக்கு நகர்ந்த இடத்தில் உள்ளே தெரிந்தது. தெளிந்த தண்ணீரில் மட்டிகள் வாயைத் திறந்து, வெள்ளை நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. அடியில் மெல்லிசாக மண் படிந்திருந்தது.

"நாளைக்கு உனக்குக் குடுக்க வேண்டியது," என்றாள் கன்னியம்மா பின்னாலிருந்து. "இன்னிக்குக் காலைல எடுத்துட்டேன். நல்ல கடல் தண்ணி, முகத்துவாரத்துக்கு அப்பால போயி மொண்டுகினு வந்தது. ஒரு ராத்திரி கெடந்தா மண்ணெல்லாம் கக்கிடும். மண்ணோட ஆபீசுக்குக் குடுத்தா இன்னா நெனப்பாங்க?"

"எல்லா மாசமும் இப்டித்தானா?"

"பின்ன? ஒரு மாசம்கூட மண்ணோட குடுத்ததில்ல," என்று பெருமையாகச் சொன்னாள்.

டீயை முடித்துவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்லி வந்துவிட்டேன்.

நான் படிக்காதவள்தான். ஆனால் மேடம் சொன்னது காதிலேயே இருந்தது. மட்டி அழுக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் போட்டால் மண்ணைக் கக்குகிறது என்றால் மற்றதையும் கக்கத்தானே செய்யும்? மாடிக்குப் போய் பாரத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தது. போட்டோ எடுத்துப் பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் காட்டினேன். அந்தந்த இடத்துத் தண்ணீரிலேயே மேல் சேறு போக அலசலாம், வேறு தண்ணீரில் ஊறப் போடக் கூடாது என்று படித்துச் சொன்னார். சேகருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் கரையிலேயே உட்கார்ந்திருந்த அவருக்குப் பக்கெட் இருப்பது தெரியாது.

எனக்கு வேறு எதற்கும் இவ்வளவு பயம் வந்ததில்லை. இத்தனை நாள் என் பயம் எல்லாம், நடக்காத ஒன்று நடந்துவிடுமோ என்பதுதான். இதுவோ ஒரு வருடமாகவே நடந்துகொண்டிருந்தது. சொன்னால் பன்னிரண்டு பேருக்குப் பிழைப்பு திரும்பி வராது. சொல்லாவிட்டால் யாரோ, எங்கேயோ, அந்த மட்டியைச் சாப்பிடுவார்கள். லேபில் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றும் பயந்தேன். யோசித்துப் பார்த்தால் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் பயந்தேன்.

நான்காம் நாள் தண்ணீர் வற்ற எட்டு மணி ஆகும். ஏழரைக்கே கரைக்குப் போய்விட்டேன். கன்னியம்மா அதே வலைப்பையோடு வந்தாள்.

"கன்னிம்மா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்கிற மாரி சொன்னா கோச்சிக்குவேன். சொல்லு."

சொன்னேன். டீச்சர் படித்துச் சொன்னதையும் சொன்னேன்.

"இன்னாமே உளர்ற? சேத்தோடயா கேக்குறாங்க? கக்கிட்டா நல்லதுதான?"

"மட்டிக்கு நல்லது. கழில இன்னா கீதுன்னு தெரியாமப் போயிடுமே."

அவள் பையைத் தரையில் வைத்தாள். "அப்ப ஒரு வருசமா நான் குடுத்தது?"

நான் குப்பியைக் கம்பில் கட்டத் தொடங்கினேன்.

"இது உனக்கு மட்டுந்தான தெரியும்?"

"ஆமா."

"நீ வாய மூடிகினா போர்டு போயிடும்."

"போயிடும்."

"அப்ப மூடிகினு போயேன்! உன்ன யாரு பக்கெட்ட எட்டிப் பாக்கச் சொன்னா? டீ குடிக்கத்தான கூப்ட்டேன்?" குரல் எழும்பியதில், தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்க் குப்பியை நிரப்பலாம் என்றால், தண்ணீர் இன்னும் வற்றவில்லை.

கன்னியம்மா போர்டுக்கு அடியில் உட்கார்ந்தாள். கழியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு வெளியூர்க்காரங்க படுத்தாங்களே, அது நான் எடுத்த மட்டி. வியாபாரி வண்டிய ஆஃப் பண்ணாமயே நின்னுகினு, குடு குடுன்னு பேஜாரு பண்ணான். ஊறப் போட நேரம் இல்லன்னு அப்டியே தூக்கிக் குடுத்துட்டேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. அதுக்கப்புறம் ஊறப் போடாம ஒரு மட்டி என் கைய வுட்டுப் போனதில்ல. ஆபீசுக்கே ஆனாலும்."

"உன் மேல தப்பு இல்ல. கழி கெட்டுக் கெடந்துச்சு."

"இப்ப கெட்டுக் கெடக்குதா?"

"தெரியல. அதத்தான் யாரும் பாக்கல."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்து, பாலத்தடி மேட்டுக்கு நடந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். காலால் துழாவுவதும் குனிந்து எடுப்பதுமாகக் கொஞ்ச நேரம். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு பை. சேறு வழிந்தது. முட்டை அழுகின மாதிரி வாடை.

"இந்தா. மானம் போனாப் போவுது. ரெண்டையும் எடுத்துகினு போ. எது இன்னான்னு எழுதி வுடு."

ஒரு பையில் 'பக்கெட்' என்றும், இன்னொன்றில் 'சேறு' என்றும் எழுதினேன். நேரம் எழுதும் கட்டத்தில் இந்தத் தடவை இரண்டு நேரம். மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். டவர் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"பக்கெட்ல எத்தன மணி நேரம்க்கா இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "தண்ணி ஒரு மாசம் சரியில்லாதப்பவும் மட்டி எப்படித் தேறுதுன்னு எனக்கு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு," என்றார். பிறகு பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாக்கா, தண்ணி இன்னிக்கு நெசமாவே கெட்டுட்ச்சா?"

"இனிமேதான் தெரியும்," என்றேன்.

முடிவு வர அடுத்த வாரம் ஆனது. அந்தச் சோதனைக் குழாய்களை நான்தான் கழுவ வேண்டும் என்பதால், எதில் கிருமி வளர்ந்து கலங்கியது, எதில் கலங்கவில்லை என்பது மேடம் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். பக்கெட் மட்டி தேறியது. சேற்று மட்டி தேறவில்லை. ஒரே மேட்டில் எடுத்த மட்டிதான் இரண்டும்.

"ஒரு வருசத்து மட்டிக் கணக்கு போச்சுக்கா," என்றார் மேடம். "ஆனா இது ரொம்ப மோசமான அளவும் இல்ல. நேராச் சாப்பிடத்தான் ஆகாது. முறையா தொட்டி கட்டி, நல்ல கடல் தண்ணில ரெண்டு நாள் வச்சு, அப்புறம் பாத்து விக்கலாம். பக்கெட்ல ஒரு ராத்திரி வச்சாப் போதாது. ஆறு மாசம் சேத்தோட எடுத்துப் பாக்கணும். இதே அளவுக்குள்ள இருந்தா, எடுக்காதேன்னு இருக்கிற போர்ட, ஊற வச்சு எடுன்னு மாத்தச் சொல்லி எழுதலாம். அந்த லாரிய நிறுத்துனா நல்லது. அதையும் எழுதுறேன்."

அதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, யாரும் அனுப்பாமல் நானே கோவளம் போனேன். பெட்டி இல்லாமல் பஸ் ஏறியதால், எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி வழி முழுக்க மடியைத் தடவிக்கொண்டே இருந்தேன். கன்னியம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம்."

"அது வரிக்கும் சாம்பார் அண்டா." ஒரு சேலையை உதறி, கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "அப்புறம் ஊறப் போட்டுதான் விக்கணும்னு கெவுர்மென்டே சொல்லுமா?"

"தேறுனா சொல்லும்."

"நான் சொன்னா யாருக்கும் கேக்காது. அத அவங்க போர்டுல எழுதுனா கேக்கும்," என்றாள். பிறகு, "உள்ள வா. பக்கெட்டு காலியாத்தான் கீது, பயப்படாத," என்றாள்.

சேகரின் கால் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த மாதம் மட்டி எடுக்க மேடம் என்னைத்தான் அனுப்பினார். இனிமேல் மட்டியைக் கையில் வாங்கக் கூடாது, கையெழுத்துப் போடுபவரே இறங்கி எடுக்க வேண்டும் என்று பாரத்தில் தமிழில் ஒரு வரி சேர்த்திருந்தார். படித்ததும் பேதி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு வேளை லீவு சொல்லிவிட்டு வந்திருந்த கன்னியம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள். தண்ணீர் முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறியது. சேறு காலைப் பிடித்து இழுத்தது. பாம்பு இருக்குமா என்று கேட்டேன். "இருந்தா அது உன்னப் பாத்து பயப்படும், நட," என்றாள். பாலத்தடி மேட்டில் நின்று, அவள் சொன்னபடி பெருவிரலால் தடவினேன். ரொம்ப நேரம் சேறுதான். பிறகு கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தேன்.

கறுப்புச் சேறு அப்பிய மட்டி. அந்தத் தண்ணீரிலேயே ஓர் அலசு அலசினேன். ஓட்டின் வரிகளுக்குள் இன்னும் கறுப்பு இருந்தது. என் கட்டைவிரல் தன்பாட்டுக்கு அதைத் தேய்க்கத் தொடங்கியது.

கன்னியம்மா என் கையிலிருந்து அதை வாங்கிப் பையில் போட்டாள்.

"போதும்மே," என்றாள். "மிச்சத்த அவங்க பாக்கட்டும்."